மொரீசியர் என்னும் சொல்: நாட்டுப்பெயரும் மக்கட்பெயரும்

மொரீசியஸ் நாட்டில் வாழ்வோரை ஆங்கிலத்தில் எவ்வாறு குறிப்பது? ‘மொரிஷியஸ் பீப்பிள்’ என்று எழுதுவதா, ‘மொரிஷன்ஸ்’ என்று எழுதுவதா? ‘எ மொரிஷன்’ என்று ஒருமையில் கூறலாமா? அங்கே பிறந்து வளர்ந்த தமிழரை ‘இந்தியன்’ என்று எழுதினால் பிழையாகுமா? கட்டுரைப் பயிற்சியில் மாணவர் எதிர்கொள்ளும் இவ்வினாக்கள் ஆங்கில ஆசிரியர் தீர்த்துவைக்க வேண்டியவை என்று எண்ணத் தோன்றும். எனினும் இவற்றை ஆழ்ந்து நோக்கினால், ஒரு மக்களுக்குப் பெயரிடும் உரிமை யாருடையது என்னும் பெரிய வினா உள்ளே அமைந்திருப்பதைக் காணலாம். அவ்வினா தமிழ் இலக்கணத்தோடு தொடர்புடையது. தமிழராகவும் முஸ்லிம்களாகவும் வாழும் நம்மோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையது. ஆகவே தமிழ்த்துறை மலரில் இதனை ஆராய்வது பொருத்தமே ஆகும்.

மொரீசியஸ் நமக்கு அயல்நாடன்று. ஏழாவது உலகத் தமிழ் மாநாடு 1989ஆம் ஆண்டு அந்நாட்டின் மோக்கா நகரில்தான் நடைபெற்றது. தைப்பூசக் காவடித் திருநாள் அங்கே அரசு விடுமுறை நாள். அந்நாட்டின் பணத்தாளில் ஆங்கிலத்தோடு தமிழும் இந்தியும் அச்சிடப்படுகின்றன. ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும் கொண்ட அச்சிறு நாட்டில், மூன்றில் இரு பங்கினர் அளவில் இந்திய வழித்தோன்றல்கள். இத்தகைய நாட்டு மக்களைப் பிழையின்றிப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருப்பது நம் கடமை.

பெயர் வந்த வழி

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அரபுக் கடலோடிகள் இத்தீவை அறிந்திருந்தனர். 1502ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘கான்டினோ’ நிலப்படத்தில் இப்பகுதித் தீவுகள் ‘தீனா’ என்னும் அடையோடு தொடங்கும் பெயர்களால் குறிக்கப்பெற்றுள்ளன. தீவு என்னும் பொருளில் அரபு மாலுமிகள் வழங்கிய சொல்லின் திரிபே அது என்பர். 1598இல் வந்திறங்கிய டச்சுக்காரர், தம் நாட்டின் தலைவராக விளங்கிய நாசோ குடும்பத்து இளவரசர் மவுரிட்ஸ் என்பாரின் பெயரை இத்தீவுக்குச் சூட்டினர். அப்பெயரின் இலத்தீன் வடிவமே ‘மவுரித்தியுஸ்’. 1715இல் பிரெஞ்சுக்காரர் தீவைக் கைக்கொண்டு ‘பிரான்சுத் தீவு’ எனப் பெயர் மாற்றினர். 1810இல் ஆங்கிலேயர் கைப்பற்றிப் பழைய பெயரையே மீட்டெடுத்தனர். 1968 மார்ச் 12இல் விடுதலை பெற்று, 1992 மார்ச் 12இல் குடியரசானபோதும் அப்பெயரே நிலைத்தது. பிரெஞ்சில் இத்தீவின் பெயர் ‘மொரீஸ்’. நம் முன்னோர் ‘மோரீசு’ என வழங்கியது இவ்வடிவத்தை ஒட்டியதாகும்.

மவுரிட்ஸ் என்னும் பெயரின் வேர் இங்கு நோக்கத்தக்கது. ‘மவுருஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து தோன்றியது அது. வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த மக்களை உரோமர் ‘மவுரி’ என்றனர். அவர்தம் நாட்டை ‘மவுரித்தானியா’ என்றனர். அம்மக்கள் இசுலாத்தைத் தழுவிய பின், இச்சொல் போர்த்துக்கேயர் நாவில் ‘மோரோ’, ‘மூரோ’ என்றெல்லாம் ஒலித்து, முஸ்லிம்கள் அனைவரையும் குறிக்கலாயிற்று. போர்த்துக்கேயர் நம் கடற்கரைக்கு வந்தபோது, இங்கு வாழ்ந்த முஸ்லிம்களையும் அதே பெயரால் அழைத்தனர். ஆங்கிலத்தில் அது ‘மூர்’ ஆயிற்று. இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் இன்றும் ஆங்கிலத்தில் ‘மூர்’ என்றே பதிவு செய்யப்படுகின்றனர்; தமிழில் ‘இலங்கைச் சோனகர்’ எனப்படுகின்றனர். சோனகர் என்பதும் ‘யவனர்’ என்னும் பழஞ்சொல்லின் வழிவந்ததே. ஆக, ஆப்பிரிக்காவில் ஒரு மக்களைச் சுட்டிய பெயர், இந்துமாக்கடலில் ஒரு தீவின் பெயராகவும் இலங்கையில் ஒரு சமுதாயத்தின் பெயராகவும் கிளைத்துள்ளது.

ஒரே வேரிலிருந்து கிளைத்தமையால் மயக்கமும் உண்டு. ஆப்பிரிக்காவின் வடமேற்கே உள்ள மவுரித்தானிய இசுலாமியக் குடியரசு வேறு, மொரீசியஸ் வேறு. முன்னதன் மக்கள் ஆங்கிலத்தில் ‘மோரிடேனியன்’. பின்னதன் மக்கள் ‘மொரிஷன்’. எழுத்துக்கூட்டில் இரண்டும் ஒத்துத் தோன்றுவதால் ஒன்றை எழுதவேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுவோர் பலர்.

இம்மயக்கம் வாலாஜாபாத்தினர்க்குப் புதிதன்று. ஆற்காட்டு நவாபாக 1749 முதல் 1795 வரை விளங்கிய முகம்மது அலி அவர்களின் ‘வாலாஜா’ என்னும் பட்டப்பெயர் இவ்வூருக்கும் உரியது. இராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாப்பேட்டைக்கும் உரியது. செங்கல்பட்டு – அரக்கோணம் இருப்புப்பாதையில் ‘வாலாஜாபாத்’ நிலையம். அரக்கோணம் – காட்பாடிப் பாதையில் ‘வாலாஜா ரோடு’ நிலையம். வெளியூரார் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போது, ‘எங்கள் ஊர் அதுவன்று’ என்று நாம் திருத்துகிறோம். ஓர் ஊரின் பெயர் திரிந்தாலே திருத்த முற்படுகிற நாம், ஒரு நாட்டு மக்களின் பெயரை எழுதும்போது அதே கவனத்தைக் காட்டுதல் வேண்டும்.

ஆங்கில வாக்கியத்தில் ஆளும் முறை

மொரீசியஸ் என்பதன் இறுதியிலுள்ள ‘அஸ்’ இலத்தீன் விகுதி. ஆங்கிலம் அதனை நீக்கிவிட்டு ‘அன்’ விகுதியைச் சேர்க்கிறது. ஒலிக்கும்போது இறுதி ‘ஷன்’ என்றாகும், ஆகவே ‘மொரிஷன்’. ‘மொரிஷியஷன்’ என்று நாட்டின் பெயரை முழுதும் வைத்து விகுதி சேர்ப்பது பிழை. எனினும் ‘அஸ்’ என முடியும் நாட்டுப்பெயர்கள் அனைத்தும் இவ்வாறே அமையும் எனக் கொள்ளலாகாது. சைப்ரஸ் நாட்டவர் ‘சிப்ரியட்’ எனப்படுதல் காண்க.

இச்சொல் பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் வரும். ‘ஷீ இஸ் எ மொரிஷன்’ என்பதில் அது பெயர்ச்சொல். ‘அவர் ஒரு மொரீசியர்’ என்பது பொருள். ‘ஷீ இஸ் மொரிஷன்’ என்பதில் அது பெயரடை. ‘அவர் மொரீசிய நாட்டவர்’ என்பது பொருள். இரண்டும் சரியே. பெயர்ச்சொல்லாயின் ஒருமையில் ‘எ’ என்னும் சுட்டு வேண்டும். பன்மையில் ‘ஸ்’ வேண்டும். ‘டூ மொரிஷன்ஸ்’ என்க. பெயரடையாயின் பன்மை விகுதி ஏலாது. ‘மொரிஷன்ஸ் ஸ்டூடன்ட்ஸ்’ என்பது வழு. ‘மொரிஷன் ஸ்டூடன்ட்ஸ்’ என்பதே சரி.

எல்லா நாட்டுப்பெயர்களும் இவ்வாறு அமைவதில்லை என்பதையும் மாணவர் அறிதல் நன்று. ‘ஜாப்பனீஸ்’, ‘சைனீஸ்’ என ‘ஈஸ்’ விகுதி பெற்ற சொற்கள் பன்மையிலும் மாறா. ‘இங்கிலீஷ்’, ‘ஐரிஷ்’ என ‘இஷ்’ விகுதி பெற்றவை தனி ஒருவரைக் குறிக்க ‘மேன்’, ‘உமன்’ என்னும் துணையை நாடும். ‘அன்’ விகுதிச் சொற்களே ஒருமை, பன்மை, பெயரடை ஆகிய மூன்றுக்கும் எளிதில் இடந்தருவன. இந்தியன், மலேசியன், மொரிஷன் ஆகியவை ஒரே வரிசையைச் சேர்ந்தவை.

நம் மாணவர் ‘மொரிஷியஸ் பீப்பிள்’ என எழுதுவதற்குக் காரணம் தமிழ் மரபே. தமிழில் ‘மொரீசியஸ் மக்கள்’, ‘மதுரை மல்லிகை’, ‘காஞ்சிப் பட்டு’ என இடப்பெயரை அப்படியே முன்னிறுத்தித் தொகையாக்கலாம். ஆங்கிலத்திலும் நிறுவனப் பெயர்களில் இவ்வாறு வருதல் உண்டு. ஆனால் மக்களைச் சுட்டும்போது பெயரடை வடிவத்தையே அம்மொழி விரும்புகிறது. ‘தி மொரிஷன் பீப்பிள்’ என்றோ ‘தி பீப்பிள் ஆஃப் மொரிஷியஸ்’ என்றோ எழுதுதல் தக்கது.

முதலெழுத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் இச்சொல் பெயராயினும் பெயரடையாயினும் பெரிய எழுத்திலேயே தொடங்கும். பிரெஞ்சில் ஆளைக் குறிக்கும்போது மட்டும் பெரிய எழுத்து. பண்பாக வரும்போது சிறிய எழுத்து. மேலும் பிரெஞ்சில் ஆண்பாலுக்கு ‘மொரிசியென்’ என்பதும் பெண்பாலுக்கு அதன் வேறு வடிவமும் உண்டு. ஆங்கிலம் பால் காட்டுவதில்லை. தமிழில் ‘மொரீசியன்’ என்பது ஆண்பால். ‘இந்தியள்’ என்னும் வடிவம் வழக்கில் இல்லாதது போலவே ‘மொரீசியள்’ என்பதும் இல்லை. பலர்பாலும் உயர்வுப் பன்மையுமாகிய ‘மொரீசியர்’ என்பதே இருபாலார்க்கும் பொருந்தும் மதிப்பான சொல்லாகும்.

பொருள் நிலையில் நேரும் பிழை இவை எல்லாவற்றினும் பெரியது. அந்நாட்டுக் குடிமகனாகிய தமிழர் ஒருவரை ‘இந்தியாவைச் சேர்ந்தவர், மொரீசியஸில் இருக்கிறார்’ என்னும் கருத்துப்பட எழுதுவது தவறு. அவர் மொரீசியர். அவருடைய மூதாதையர் இந்தியர். ஆகவே ‘எ மொரிஷன் ஆஃப் இந்தியன் ஆரிஜின்’ என்றோ ‘இந்தோ மொரிஷன்’ என்றோ எழுதுதல் வேண்டும். அவ்வாறே ‘மொரிஷன்ஸ் ஆர் இந்தியன்ஸ்’ என்று பொதுப்பட எழுதுவதும் ஆகாது. ஆப்பிரிக்க, சீன, பிரெஞ்சு வழியினரும் அங்கே மொரீசியரே. அந்நாட்டின் ஒரு பகுதியாகிய ரோட்ரிக்ஸ் தீவினர் தம்மை அத்தீவின் பெயரால் அழைத்துக்கொள்வர்; ஆயினும் குடியுரிமையால் அவர்களும் மொரீசியரே ஆவர்.

தமிழ் இலக்கணம் காட்டும் நெறி

மக்களைக் குறிக்கும் பெயர்கள் எவ்வெவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பெயரியலில் வகுத்துக் காட்டியுள்ளார். நிலத்தால் வரும் பெயர், குடியால் வரும் பெயர், குழுவால் வரும் பெயர், தொழிலால் வரும் பெயர் என அவர் பகுத்தவை இன்றும் நமக்கு அளவுகோலாகப் பயன்படுகின்றன. நிலப்பெயருக்கு ‘அருவாளன்’, ‘சோழியன்’ என்பவற்றையும், குடிப்பெயருக்கு ‘மலையமான்’, ‘சேரமான்’ என்பவற்றையும் உரையாசிரியர் எடுத்துக்காட்டினர். அருவா நாட்டைக் காஞ்சியைச் சூழ்ந்த பகுதியாகக் கொள்வர் அறிஞர். அங்ஙனமாயின் அருவாளன் என்பான் நம் பகுதியைச் சேர்ந்தவனே. தெலுங்கர் தமிழரை ‘அரவவாடு’ என்பதற்கும் இந்நாட்டின் பெயரே மூலம் என்று கருதுவோர் உளர். அண்டையிலிருந்த ஒரு நாட்டாரின் பெயரைத் தமிழர் அனைவர்க்கும் உரியதாக அவர்கள் ஆக்கிக்கொண்டனர் என்பது அவர்தம் கருத்து.

நன்னூலார் பெயர்ப் பகுபதங்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடியாகப் பிறப்பன என்றார். ‘மொரீசியர்’ என்பது இடத்தின் அடியாகப் பிறந்த பெயர்ப் பகுபதம். ‘அர்’ என்னும் பலர்பால் விகுதி பெற்று, உயர்திணைப் பெயராய் நிற்கிறது. ‘இந்தியர்’, ‘மலேசியர்’ என்பனவும் இவ்வாறே. வந்த சொல் பிறமொழிச் சொல்லாயினும், அது நம் விகுதியை ஏற்றவுடன் தமிழ்ப் பெயராகிவிடுகிறது.

அரபு மொழியிலும் இதற்கு இணையான நெறி உண்டு. இடப்பெயரின் இறுதியில் ‘ஈ’ என்னும் ஒலியைச் சேர்த்து அவ்விடத்தாரைக் குறிப்பர். இதனை ‘நிஸ்பத்’ என்பர். புகாரா நகரத்தவர் ‘புகாரி’. மதீனாவைச் சார்ந்தவர் ‘மதனி’. காயல்பட்டினத்து மார்க்க அறிஞர்கள் தம் பெயரோடு ‘காஹிரி’ என்று சேர்த்துக்கொண்டனர். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்றவர் ‘பாக்கவி’ எனப்படுவதும் இம்மரபே. ஆங்கிலத்தில் ‘பாகிஸ்தானி’, ‘ஈராக்கி’, ‘ஓமானி’ என வழங்கும் சொற்களில் உள்ள ‘இ’ விகுதி, அரபு, பாரசீக மொழிகளின் வழியாக ஆங்கிலம் பெற்ற கொடையே ஆகும். ஆகவே நாட்டுப்பெயரிலிருந்து மக்கட்பெயரை ஆக்கும் முறை, மொழிகள் தம்முள் கொண்டும் கொடுத்தும் வளர்த்த பொதுச்செல்வம் எனலாம்.

பிறர் இட்ட பெயர்கள்

நிலம், குடி, குழு, தொழில் என்னும் இவ்வளவுகோலைக் கொண்டு, மொரீசியஸுக்குச் சென்ற நம்மவர்க்குப் பிறர் இட்ட பெயர்களை அளந்து பார்ப்போம்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்றனர். 1735 முதல் 1746 வரை ஆளுநராக இருந்த லாபூர்தொனே காலத்தில் போர்ட் லூயி நகரைக் கட்டியெழுப்பியதில் அவர்தம் உழைப்பும் உண்டு. அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ‘மலபார் முகாம்’ என்று பெயர். தமிழர்க்கு மலபார் என்னும் பெயர் எவ்வாறு வந்தது? ஐரோப்பியர் கடல்வழியே முதலில் வந்திறங்கிய இடம் மலபார்க் கரை. அங்கே கண்டறிந்த பெயரை, பின்னர்ச் சோழமண்டலக் கரையில் கண்டவர்கள்மீதும் ஏற்றினர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அவர்களும் தொடக்கத்தில் தமிழரை ‘மலபாரியர்’ என்றே எழுதினார். பின்னர் 1716இல் ஹல்லே நகரில் அச்சான தம் தமிழ் இலக்கண நூலுக்கு ‘தமுலிக்கா’ என்னும் பெயரையே அவர் ஆண்டார். மக்களோடு பழகி, அவர்தம் மொழியைக் கற்றவர் அம்மக்களின் சொந்தப் பெயரை வந்தடைந்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆனால் தீவுகளில் ‘மல்பார்’ என்னும் சொல் நின்றுவிட்டது. 1834 நவம்பர் 2இல் ‘அட்லஸ்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரோடு போர்ட் லூயியை அடைந்தது. அதன்பின் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களின் வழியாக நாலரை இலட்சம் அளவிலான மக்கள் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று சேர்ந்தனர். அவர்கள் இறங்கிய ‘ஆப்பிரவாசி காட்’ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. வடஇந்தியர் பெருகியபோது, மொரீசியஸின் கிரியோல் மொழியில் ‘மல்பார்’ என்பது அவர்களைக் குறிக்கும் இழிவழக்காயிற்று. தமிழர் தாம் கப்பலேறிய துறைமுகத்தின் பெயரால் ‘மதராஸ்’ எனப்பட்டனர். அருகிலுள்ள ரெயூனியன் தீவிலோ ‘மல்பார்’ என்பது இன்றும் தமிழ் வழித்தோன்றல்களையே குறிக்கிறது. அவர்கள் அதனைத் தம் பெயராகவே ஏற்றுக்கொண்டுவிட்டனர். ஒரே சொல் ஒரு தீவில் ஏச்சாகவும் மறு தீவில் அடையாளமாகவும் வழங்குதல் காண்க.

முஸ்லிம்களுக்கு இடப்பட்ட பெயர் ‘லஸ்கர்’. படை என்னும் பொருளுடைய ‘லஷ்கர்’ என்னும் பாரசீகச் சொல், ஐரோப்பியர் கப்பல்களில் பணிபுரிந்த ஆசிய மாலுமிகளைக் குறிக்கலாயிற்று. அம்மாலுமிகளில் முஸ்லிம்கள் பலர் இருந்தமையால், மொரீசியஸில் முஸ்லிம்கள் அனைவர்க்கும் அப்பெயர் ஏற்றப்பட்டது. போர்ட் லூயியில் ‘லஸ்கர் முகாம்’ என்றொரு பகுதி இருந்தது; அங்கே 1805இல் அந்நாட்டின் முதற்பள்ளிவாசல் எழுந்தது. ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இச்சொல் வேறொரு பொருளில் அனைவரும் அறிந்தது. ஏரி மதகையும் கால்வாயையும் காக்கும் பொதுப்பணித்துறைப் பணியாளர் ‘லஸ்கர்’ என்றே அழைக்கப்படுகிறார். அவர் எம்மதத்தவராயினும் அப்பெயரே. இங்கே தொழிற்பெயராக நின்ற சொல், அங்கே ஒரு சமயத்தாரின் பெயராகத் திரிந்துவிட்டது. ரெயூனியனில் குசராத்திலிருந்து சென்ற முஸ்லிம்களை ‘சராப்’ என்பர். ‘அராபியர்’ என்பதன் திரிபு அது. அரபு நாட்டைக் காணாதவர்களும் அங்கே அராபியராயினர்.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மல்பார் என்பது பொருந்தா நிலப்பெயர். மதராஸ் என்பது வெறும் துறைமுகப் பெயர். லஸ்கர் என்பது ஒரு சிலரின் தொழிற்பெயர். எதுவும் அம்மக்கள் தாமே தேர்ந்துகொண்டதன்று. நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ‘துருக்கர்’, ‘துலுக்கர்’ என்னும் சொல் துருக்கி இனத்தாரைச் சுட்டியது. பழைய வழக்கில் இழிவுக் குறிப்பின்றியே அது வழங்கியது. ஆனால் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் வாழ்பவரையும் அது துருக்கராக்கியது. பின்னாளில் சிலர் வாயில் அது ஏளனமாகவும் ஒலித்தது. மொரீசியஸில் ‘லஸ்கர்’ என்று அழைக்கப்பட்டவரின் உள்ளம் எவ்வாறு நொந்திருக்கும் என்பதை நாம் நூலில் படித்து அறியவேண்டுவதில்லை.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து எடுத்துரைக்கிறது. அதன் 11ஆம் வசனம் பிறரைப் பட்டப்பெயர்களால் இழித்துரைப்பதைத் தடுக்கிறது. 13ஆம் வசனம், மக்கள் பல சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று உணர்த்துகிறது. மக்கட்பெயரின் பயன் அறிதலே என்பதும், இழித்தலுக்கு அதனைக் கருவியாக்கலாகாது என்பதும் இவ்விரு வசனங்களால் நாம் பெறும் தெளிவாகும்.

எது முன், எது பின்?

தமிழில் தொகைச்சொல்லின் முதற்பகுதி அடையாகவும் பிற்பகுதி தலைமையாகவும் நிற்கும். ‘மொரீசியத் தமிழர்’ என்றால் தமிழர் என்பது தலைமைச்சொல்; அவர்களுள் மொரீசியஸில் வாழ்வோர் என்பது பொருள். ‘தமிழ் மொரீசியர்’ என்றால் மொரீசியர் என்பது தலைமைச்சொல். அவர்களுள் தமிழ் வழியினர் என்பது பொருள். சுட்டப்படும் ஆள் ஒருவரே. நோக்கு மட்டும் வேறு. உலகத் தமிழரைப் பற்றி நாம் எழுதும்போது முன்னது பொருந்தும். அந்நாட்டுக் குடிவாழ்வைப் பற்றி எழுதும்போது பின்னது பொருந்தும். ஆங்கிலத்திலும் ‘மொரிஷன் தமிழ்’, ‘தமிழ் மொரிஷன்’ என்பவற்றிடையே இதே வேறுபாடு உண்டு. ‘முஸ்லிம் தமிழர்’, ‘தமிழ் முஸ்லிம்’ என்னும் தொடர்களையும் இவ்வாறே கொள்க. ஒன்றைச் சொல்வதால் மற்றொன்றை மறுத்தவராகோம்.

வரிசை என்பது வெறும் இலக்கணச் செய்தி என்று எண்ணுவோர்க்கு மொரீசியஸ் பணத்தாளின் வரலாறு விடை கூறும். அங்கே பணத்தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும், அதன்பின் இந்தியும் இடம்பெற்று வந்தன. 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழும் இந்தியும் இடம் மாறியிருந்தன. அத்தீவில் முன்னரே வந்து குடியேறிய தமிழர் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையிலேயே புதிய தாள்கள் வெளிவந்தன. இன்றைய நூறு ரூபாய்த் தாளில் காணப்படுபவர் கல்வி அமைச்சராக விளங்கிய ரங்கநாதன் சீனிவாசன். இருநூறு ரூபாய்த் தாளில் காணப்படுபவர் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய சர் அப்துல் ரசாக் முகம்மது. முன்னவர் தமிழ் வழியினர். பின்னவர் கல்கத்தாவில் பிறந்தவர். ‘மதராஸ்’ என்றும் ‘லஸ்கர்’ என்றும் ஒதுக்கப்பட்ட கூட்டங்களிலிருந்து வந்த இருவரும் அந்நாட்டுப் பணத்தாளில் மொரீசியராகவே வீற்றிருக்கின்றனர்.

எனினும் ‘மொரீசியர்’ என்னும் பொதுப்பெயர் எல்லா இடத்திலும் போதுமானதாக இருக்கவில்லை. அந்நாட்டு அரசியலமைப்பு, தேர்தலில் நிற்போர் தாம் இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், பொது மக்கள் ஆகிய நான்கனுள் எச்சமூகத்தார் என அறிவிக்கவேண்டும் என விதித்தது. சிறுபான்மையினர்க்கும் சட்டமன்றத்தில் இடம் கிடைக்கவேண்டும் என்னும் நல்ல நோக்கத்தால் அமைந்த எட்டுக் கூடுதல் இடங்களை நிரப்புவதற்கே இவ்வேற்பாடு. தமிழர் அதில் இந்துக்களுள் அடங்குவர். சமூகவாரியாக மக்களை எண்ணிய கணக்கோ 1972இல் எடுத்ததோடு நின்றது. 2005ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சமூகத்தை அறிவிக்க மறுத்த வேட்பாளர் சிலரின் மனுக்கள் தள்ளப்பட்டன. அவர்கள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவை நாடினர். பழைய கணக்கை வைத்துக்கொண்டு வேட்பாளரை இவ்வாறு கட்டாயப்படுத்துவது அவர்தம் அரசியல் உரிமைக்கு முரணானது என்று அக்குழு 2012இல் கூறியது. 2014ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக, அறிவிக்காமலும் நிற்கலாம் என்று தற்காலிகச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

இங்கு இரு பக்கமும் நியாயம் உண்டு. சமூகப் பெயர் மறைந்தால் சிறுபான்மையினரின் இடமும் மறைந்துவிடுமோ என்னும் அச்சம் பொருளற்றதன்று. ‘நான் மொரீசியர்’ என்று மட்டும் கூற விரும்புபவரை அதற்குமேல் கூறுமாறு வற்புறுத்துவது முறையன்று என்பதும் உண்மையே. வேண்டும்போது தன் சமூகப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமையும், வேண்டாதபோது நாட்டுப்பெயரோடு நின்றுகொள்ளும் உரிமையும் ஒருவர்க்கு ஒருங்கே வேண்டும். இவ்விரண்டுள் எது பறிக்கப்பட்டாலும் பெயர் சுமையாகிவிடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: மொரீசியஸ் நாட்டவர் ஆங்கிலத்தில் ‘மொரிஷன்’, பன்மையில் ‘மொரிஷன்ஸ்’, தமிழில் ‘மொரீசியர்’. இச்சொல் நிலத்தால் வந்த பெயர். குருதியாலோ சமயத்தாலோ வந்ததன்று. ஆகவே அந்நாட்டார் அனைவர்க்கும் அது சமமாக உரியது. அதனோடு தமிழ், முஸ்லிம், சீனம் முதலிய அடைகளைச் சேர்ப்பது, அவர்களே விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் அளவில் அமைதல் வேண்டும். மல்பார், மதராஸ், லஸ்கர் முதலியவற்றை வரலாறு கூறும்போது எடுத்துரைக்கலாம். இன்று வாழ்வோர்க்கு இடும் பெயராக ஆளலாகாது.

மாணவர்கள் அயல்நாட்டார் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுத முற்படும்போது, அவர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறார் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். இலக்கணம் விகுதியைக் கற்பிக்கும். விகுதி சேரவேண்டிய பெயரை அப்பெயர்க்கு உரியவரிடமிருந்தே பெறுதல் வேண்டும்.